ஹிட்லர் மூஞ்சியில் கரி

ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்தால் எங்கள் வீட்டில் இரண்டு சாமான் வெளியே வரும். ஒன்று கருவாடு, மனைவியுடையது. இன்னொன்று ஸ்டாம்ப் ஆல்பம், என்னுடையது. கருவாடு மொட்டைமாடி வெயிலுக்கு, ஆல்பம் திண்ணை நிழலுக்கு. இரண்டையும் ஒரே கட்டிலில் வைக்கக் கூடாது என்பது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தம். ஒரு தடவை மீறினேன். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்னும் லேசாக நெத்திலி வாசம் வரும்.

மண்டபத்தில் வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். இரண்டு பக்கத்து உப்புக் காற்றும் எங்கள் தெருவில்தான் சந்தித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற ஊரில் காகிதம் என்ன பாடுபடும்? ஓலைப்பெட்டி, அதற்குள் எவர்சில்வர் தூக்கு, அதற்குள் மாத்திரை டப்பாக்களில் சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் என்று அடுக்கடுக்காகப் பாதுகாத்தும் வருஷத்துக்கு நாலு ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.

போன வாரம் அப்படி விரித்து வைத்திருந்தபோது மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, ஹிட்லர் மூஞ்சியில கரி பூசினதையா காசு குடுத்து வாங்குறீங்க?"

அதைத்தான் வாங்குகிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. நாட்டை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என்று நாலு பேர் நாலு மண்டலமாகப் பிரித்துக்கொண்டார்கள். பெர்லினில் தலைமைத் தபால் நிர்வாகம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. ஆனால் ஊரூருக்கு ஒரு தபாலாபீஸ் இருந்தது, அதில் ஒரு போஸ்ட் மாஸ்டர் இருந்தார், அவருடைய பெட்டியில் பழைய ஸ்டாம்ப் இருந்தது. 1941 முதல் விற்ற சாதாரண ஸ்டாம்பில் ஹிட்லரின் தலை. தோற்றுப்போனவன் தலையை ஒட்டிக் கடிதம் அனுப்ப ஜெயித்தவன் விடுவானா? ஸ்டாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது அச்சடிக்கலாம் என்றால் காகிதம் இல்லை, அச்சகம் பாதி இடிந்து கிடக்கிறது, மேலிடம் என்று கேட்க ஆளே இல்லை.

ஜெர்மனியின் கிழக்கே உள்ள சாக்சனிப் பக்கத்துத் தபாலாபீஸ்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. இருக்கிற ஸ்டாம்பை எடுத்து ஹிட்லர் முகத்தில் கறுப்பு மையைப் பூசிவிட்டு விற்பது. சில ஊரில் பிரஷ். சில ஊரில் கார்க்கை மையில் தொட்டு ஒரு குத்து. சில ஊரில் ரப்பர் ஸ்டாம்ப், சில ஊரில் ஒழுங்கான அச்சு. சேகரிப்பவர்கள் இவற்றைச் 'சாக்சனிக் கறுப்படிப்புகள்' என்கிறார்கள். நம் பாஷையில் முகத்தில் கரி பூசுவது என்பது பேச்சுக்குச் சொல்வது. அங்கே அதையே கவுண்டரில் உட்கார்ந்து, தாளுக்கு நூறு தலை வீதம் செய்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஆறு. ஒன்றை மட்டும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்ததைச் சொல்கிறேன். 12 ஃபெனிக், சிவப்பு. ஃபெனிக் என்றால் அவர்கள் ஊர்ப் பைசா, நூறு சேர்ந்தால் ஒரு மார்க். அப்போது உள்நாட்டுக் கடிதத்துக்கு 12, கார்டுக்கு 6. கார்க் குத்து நெற்றியில் தொடங்கி மூக்குவரை இறங்கியிருக்கிறது. நடுவில் மை கெட்டி, ஓரத்தில் கார்க்கின் சின்னச் சின்ன ஓட்டை வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. மீசை மட்டும் தப்பிவிட்டது. அதையும் மறைக்கலாம் என்று அந்த ஆள் இன்னொரு குத்துக் குத்தியிருக்கிறார். அது தள்ளிப்போய்க் காலரில் விழுந்திருக்கிறது. எத்தனாவது தாளோ, கை ஓய்ந்துபோயிருக்கும். இந்தக் கை எனக்குத் தெரிந்த கை. முப்பத்தெட்டு வருஷம் நானும் அதே வேலைதான் பார்த்தேன்.

1979-இல் தபால் துறையில் சேர்ந்தேன், 2017-இல் ஓய்வு. இந்தக் கரையிலேயே ஏழெட்டு ஊர் மாறியாயிற்று. அப்பாவும் தபால்தான். தனுஷ்கோடியில் மூட்டைக் கணக்கு. போட் மெயிலில் வரும் தபால்பைகளை எண்ணி, தலைமன்னார் போகிற இர்வின், கோஷன் கப்பல்களில் ஏற்றிவிட வேண்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலுக்கு முன்னால் அவரை மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றலைத் திட்டித் தீர்த்திருந்தவர், அதற்கப்புறம் மாற்றல் உத்தரவு எது வந்தாலும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குத் தனுஷ்கோடி போகிறவர்கள் இடிந்த சர்ச் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தபாலாபீஸ் சுவர் என்று ஒன்று மிச்சம் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற ஆள் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

ஜெர்மனிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், முதலில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆரம்பம் 1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள். அந்தச் செலவுக்காகக் கடிதங்களில் ஐந்து பைசா கூடுதல் ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி நவம்பர் 15-இலிருந்து உத்தரவு. தனி ஸ்டாம்ப் அச்சாகி வர டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை? குடும்பக் கட்டுப்பாடு படம் போட்ட ஐந்து பைசா ஸ்டாம்ப் இருந்ததே, அதன்மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விட்டார்கள். அச்சடித்ததும் போய்ச் சேராத இடங்களில் உள்ளூரிலேயே ரப்பர் ஸ்டாம்ப் செய்து அடித்தார்கள். பெங்களூரிலிருந்து மாமா போட்ட கடிதம் ஒன்றில் அப்படி ஒன்று கோணலாக வந்தது. எனக்குப் பதினாலு வயது. அச்சுப்பிழை என்று நினைத்து அப்பாவிடம் காட்டினேன்.

"பிழை இல்லடா. ஸ்டாம்பு வரல, தபாலு வந்துருச்சு. அவன் என்ன செய்வான்?"

அப்பா ஸ்டாம்பைப் பற்றிச் சொன்னதென்றால் இந்த ஒரு வரிதான். சேகரிப்பதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. ஒட்டிய ஸ்டாம்பை எதற்குப் பிய்க்கிறாய் என்பார்.

அப்புறம் 1988. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா. அங்கே இருந்த விஞ்ஞானி ஒருவருக்கு வெளிநாட்டுத் தபால் நிறைய வரும். கவரைக் கொடுக்கும்போது என் கண் எங்கே போகிறது என்பதை அவர் கவனித்திருக்கிறார். கிழக்கு ஜெர்மனிக்குப் போய்வந்தவர், கடையில் வாங்கிய ஐம்பது ஸ்டாம்ப் பொட்டலம் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். "தம்பி, நீதான் ஸ்டாம்ப் பைத்தியமாச்சே. இந்தா."

நாற்பத்தாறு அழகான ஸ்டாம்ப். மீதி நாலில் வெறும் எண் போட்ட, உழைக்கும் ஆட்கள் போட்ட சாதாரண ஸ்டாம்பின்மேல் ரப்பர் சீல் ஒன்று அடித்திருந்தது. ஒன்றில் '14' என்ற எண், அதன் பக்கத்தில் டிரெஸ்டன் என்ற ஊர்ப்பெயர். கோணல். மாமா கடிதத்தில் இருந்த அதே கோணல். அழகான நாற்பத்தாறும் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியாது. அந்த நாலும் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

அந்தச் சீலின் கதையை ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1946 பிப்ரவரியிலிருந்து பிரெஞ்சு மண்டலம் தவிர மற்ற மூன்று மண்டலத்துக்கும் ஒரே ஸ்டாம்ப். 1948 ஜூன் 20-இல் மேற்கு மண்டலங்கள் பணத்தை மாற்றிப் புது மார்க் கொண்டுவந்தன. சோவியத் மண்டலத்துக்குப் பிடித்தது தலைவலி. பழைய மார்க் செல்லாது என்று ஆன இடத்தில் ஸ்டாம்ப் சும்மா கிடைக்கும், அதை மூட்டை கட்டிக் கிழக்கே கொண்டுவந்து ஒட்டினால்? ஜூன் 24-இல் அவர்களும் பணத்தை மாற்றினார்கள். புது நோட்டு தயாராகவில்லை. பழைய நோட்டில் தபால்தலை அளவுக்கு ஒரு சீட்டை ஒட்டி இதுதான் புதுப் பணம் என்றார்கள். ஜனங்கள் அதற்கு 'சுவர் அலங்காரக் காகித மார்க்' என்று பெயர் வைத்தார்களாம். ஸ்டாம்புக்கும் அதே வைத்தியம். இருக்கிற இருப்பில் ஒவ்வொரு தபாலாபீசும் தன் மாவட்ட எண்ணும் ஊர்ப்பெயரும் உள்ள சீலை அடித்துத்தான் விற்க வேண்டும். மண்டலம் முழுக்க ஆயிரக்கணக்கான சீல்கள். ஜூலை 10 வரைதான் செல்லும். அதற்குள் 'சோவியத் ஆக்கிரமிப்பு மண்டலம்' என்று ஒழுங்காக அச்சடித்த ஸ்டாம்ப் வந்துவிட்டது.

பதினேழு நாள். யோசித்துப் பாருங்கள், ஒரு கவுண்டர் குமாஸ்தா ஸ்டாம்ப் ஷீட்டைப் பரப்பி வைத்து, வரிசையில் ஆள் நிற்க, ஒவ்வொன்றிலும் அடித்துக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். தலைகீழாக அடித்தது, இரண்டு ஸ்டாம்புக்கு நடுவில் அடித்தது எல்லாம் இருக்கும். வாங்கியவர் உடனே ஒட்டிக் கொடுத்தால் அதன்மேல் தேதி முத்திரையையும் அவர்தான் அடிக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம், 1945-க்கு. உள்ளூர் ஸ்டாம்ப் என்பதன் பொற்காலம் அதுதான், சோவியத் மண்டலத்தில்தான் அதிகம். கொய்ர்லிட்ஸ், லோபாவ், மைசன், கிளாவ்காவ், பிளாவன், கோட்புஸ் என்று பட்டியல் நீளும். எதுவும் நமக்குத் தெரிந்த ஊர் இல்லை. மைசன் என்றால் பீங்கான், அவ்வளவுதான். சாக்சனியில் ஓர் ஊர் கரி பூசுவதோடு நிற்காமல் ஹிட்லர் முகத்தின்மேல் 'ஜெர்மனியைக் கெடுத்தவன்' என்றே அச்சடித்துவிட்டது. பெர்லினுக்குப் பக்கத்து ஃப்ரெடர்ஸ்டார்ஃபில் வெறும் காகிதத்தில் கைமுத்திரை அடித்து அதையே ஸ்டாம்ப் என்று விற்றார்கள். அதையும் செய்ய முடியாத இடங்களில் ஸ்டாம்பே இல்லாமல் 'கட்டணம் செலுத்தப்பட்டது' என்று கவர்மேல் சீல், தொகையைக் கையால் எழுதிக் கையெழுத்து. எனக்கு அந்தக் கவர்கள்மேல்தான் தனிப் பிரியம். விலையும் குறைவு.

பெர்லினின் ஸ்டாம்பைச் சொல்லாமல் போனால் பாவம். ஆகஸ்ட் 1945. பெர்லின் நகரச் சின்னம் கரடி. அந்தக் கரடி கையில் மண்வெட்டி பிடித்து நிற்கிறது ஒன்றில். இன்னொன்றில் உத்தரம் தூக்குகிறது. ஊரே செங்கல் குவியலாகக் கிடக்கும்போது கரடியைக் கொத்தனார் வேலைக்கு அனுப்பியவர் யாரோ, கும்பிட வேண்டிய ஆள். ஓரத்தில் துளையிடும் இயந்திரத்துக்குப் பதிலாகச் சில தாள்களில் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருப்பார்கள். அது கிடைத்தால் விலை கூடும்.

மேற்கே கதை வேறு. அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் ஏற்பாட்டோடு வந்தார்கள். நடுவில் பெரிய 'எம்' எழுத்து போட்ட ராணுவத் தபால் ஸ்டாம்பை வாஷிங்டனில் அச்சடித்துக் கையோடு கொண்டுவந்து, போர் முடிவதற்கு முன்பே, 1945 மார்ச்சில், ஆகன் நகரத்தில் விற்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் லண்டனிலும் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக்கிலும் அச்சானது. மூன்று அச்சையும் வேறு பிரித்துப் பார்ப்பதில் சிலருக்கு ஆனந்தம். எனக்குத் தூக்கம் வரும். எல்லாம் தயாராக இருக்கிற இடத்தில் குமாஸ்தாவுக்கு என்ன வேலை?

டிரெஸ்டனில் நடந்த ஒன்று நம்மூர் ஆளுக்கு மட்டும் கூடுதலாகச் சிரிப்பு வரும். 1945 ஜூன் 23-இல் அங்கே 12 ஃபெனிக்குக்கு ஒரு சிவப்பு ஸ்டாம்ப் வெளியிட்டார்கள். சோவியத்காரர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று தபால் என்பதை ரஷ்ய மொழியில் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். அந்த வார்த்தை 'போச்தா'. வெளியான அன்றைக்கே விற்பனையை நிறுத்தி ஸ்டாம்பைத் திரும்ப வாங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. போச்சுதா? போச்சு. சேகரிப்பவர்கள் இன்றுவரை அதை 'போச்தா ஸ்டாம்ப்' என்றே அழைக்கிறார்கள். என்னிடம் இல்லை. அதன் படத்தை அச்செடுத்துக் காலி இடத்தில் ஒட்டி, கீழே பென்சிலில் "போச்சு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது என் மானம் போன கதை.

ஷ்வார்சன்பெர்க் என்று மலைப்பக்கத்து ஊர், செக் எல்லைக்கு அருகே. மே மாதம் சரணடைந்தபின் மேற்கிலிருந்து வந்த அமெரிக்கப் படையும் கிழக்கிலிருந்து வந்த சோவியத் படையும் அந்த வட்டாரத்துக்குள் நுழையாமல் நின்றுவிட்டன. ஏன் நின்றன என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஜூன் கடைசிவரை ஏறக்குறைய ஆறு வாரம் யாருடைய ஆட்சியும் இல்லை. ஊர்க்காரர்களே குழு போட்டு ரேஷன், போலீஸ் எல்லாம் நடத்தினார்கள். அந்த ஊர்ப்பெயரை மேலச்சாக, அதாவது ஏற்கெனவே அச்சான ஸ்டாம்பின்மேல், அடித்த ஹிட்லர் ஸ்டாம்ப்கள் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் உள்ள மணல்திட்டுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்றால் ஒரு கிறுக்கு. வாங்கியே தீருவது என்று இருந்தேன்.

2014-இல் இணையத்தில் ஒருவர் விற்றார். பெயர் வேண்டாம். 4,200 ரூபாய். மகள் வளைகாப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைத்தேன் என்பது இதுவரை வீட்டில் தெரியாது, இதைப் படிக்காதவரை. ஸ்டாம்ப் வந்தது. 6 ஃபெனிக், ஊதா, மேலே மேலச்சு, மூலையில் தபால் முத்திரை. ஆல்பத்தில் நடுப் பக்கம் கொடுத்தேன். மூன்று மாதம் போகிற வருகிறவருக்கெல்லாம் காட்டினேன். ராமநாதபுரத்திலிருந்து வந்த ஒரு நண்பர், அவரும் ஓய்வுபெற்ற தபால்காரர், லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

"அண்ணே, டேட்டப் பாத்தீங்களா?"

முத்திரையில் கால்பங்குதான் ஸ்டாம்பில் விழுந்திருந்தது. அதில் தேதியின் வால் மட்டும் தெரிந்தது. '44'. ஊர் விடுபட்டது 1945 மே. ஸ்டாம்ப் செலவானது 1944-இல். அதாவது யாரோ எப்போதோ அனுப்பிய கடிதத்திலிருந்து பிய்த்த ஸ்டாம்பில், எவனோ எங்கேயோ பிறகு உட்கார்ந்து மேலச்சு அடித்திருக்கிறான். வாழ்நாள் முழுக்கக் காலையில் தேதி முத்திரையின் எண்ணை மாற்றிவிட்டு, புத்தகத்தில் ஒரு அடி அடித்துச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிய ஆள் நான். தேதியைப் பார்க்கவில்லை.

அப்புறம் பார்த்தால் எல்லாமே தெரிந்தது. முத்திரை வளையமும் மேலச்சின் கோடும் சந்திக்கிற இடத்தை லென்ஸில் பாருங்கள். உண்மையான ஸ்டாம்பில் மேலச்சு முதலில், முத்திரை பிறகு. எனவே முத்திரை மை மேலே கிடக்க வேண்டும். இதில் வளையம் கோட்டுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது, ரயில் பாம்பன் பாலத்துக்குள் நுழைந்து வருகிற மாதிரி. கறுப்புமேல் கறுப்பு என்பதால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. சாய்வாகப் பிடித்தால் ஒரு மை பளபளக்கும், இன்னொன்று மங்கும். ஒவ்வொரு மேலச்சிலும் இப்படித் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தேதி பொய் சொல்லாது.

இந்த ஸ்டாம்ப்களில் போலி அதிகம், காரணம் எளிது. ரப்பர் சீலும் கார்க்கும் கொண்டு செய்ததை ரப்பர் சீலும் கார்க்கும் வைத்திருக்கிற எவனும் திரும்பச் செய்யலாம். அசல் ஹிட்லர் ஸ்டாம்ப் கோடிக்கணக்கில் அச்சானது, குப்பை விலை. ஜெர்மனியில் இதற்கென்றே பரிசோதகர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். பார்த்து உண்மையென்றால் பின்னால் சின்னதாக முத்திரை குத்தித் தருவார்கள். அந்தக் கட்டணத்தை ரூபாயாக்கினால் என் ஸ்டாம்பின் விலையைத் தாண்டும். அதனால் மலிவானதை மட்டும் வாங்குவது, கடிதத்தோடு வாங்குவது என்று இப்போது வைத்திருக்கிறேன். போலியைக் கழற்றவில்லை. அதே நடுப் பக்கத்தில் இருக்கிறது, கீழே விலையோடு.

போலி இல்லாவிட்டாலும் எல்லா உள்ளூர் ஸ்டாம்பும் பாவப்பட்ட குமாஸ்தாவின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 1946-க்கு வந்தால் ஷ்ட்ராவ்ஸ்பெர்க், ஃபின்ஸ்டர்வால்ட, ஷ்டோர்கோவ் போன்ற ஊர்கள் அழகழகாய் வரிசை வெளியிட்டன. மறுகட்டுமானத்துக்கு என்று கூடுதல் தொகை. அதற்குள் மண்டல ஸ்டாம்ப் எங்கும் வந்தாயிற்று. இதெல்லாம் தபாலுக்காக வந்ததைவிட என்னைப் போன்ற ஆட்களின் பாக்கெட்டுக்காக வந்தது. ஊரில் பாலம் கட்டப் பணம் வேண்டும் என்றால் நியாயம்தான். ஆனால் எந்தக் கையும் தெரியாத ஸ்டாம்பை நான் தொடுவதில்லை.

இந்தக் கரைக்கு மிகவும் பொருத்தமான ஜெர்மன் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: சிக்கனப் பசை. பசைக்குத் தட்டுப்பாடு. சோவியத் மண்டலத்துத் தூரிங்கியாவில் அச்சான சில ஸ்டாம்ப்களின் பின்பக்கம் முழுக்கத் தடவாமல் விட்டுவிட்டுத் தடவியிருப்பார்கள். திருப்பிப் பிடித்தால் நெய் சிக்கனமாக ஊற்றிய தோசைக்கல் மாதிரி திட்டுத்திட்டாய் மின்னும். பல ஊர் ஸ்டாம்ப்களுக்குப் பசையே கிடையாது, கோந்து தடவி நீயே ஒட்டிக்கொள். முழுப் பசை போட்ட ஸ்டாம்ப் மண்டபத்து மழைக்கு ஆல்பத்தோடு கல்யாணம் செய்துகொள்ளும். சிக்கனப் பசைக்காரர்கள் பாதி தப்புவார்கள். பசையில்லாதவர்களுக்குக் கவலையே இல்லை. ஐரோப்பாவில் பசை குலையாததற்குத்தான் விலை. இங்கே தலைகீழ்.

மேற்கு ஜெர்மனியில் 1948 டிசம்பர் முதல் ஒரு நீல நிறக் குட்டி ஸ்டாம்ப் கட்டாயம். 2 ஃபெனிக். நகம் அளவுதான் இருக்கும். சோவியத்காரர்கள் சாலையையும் ரயிலையும் அடைத்துவிட, விமானத்தில் சோறு போய்க்கொண்டிருந்த மேற்கு பெர்லினுக்கான வரி. ஒட்டாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். முற்றுகை 1949 மேயில் முடிந்தது, ஸ்டாம்ப் 1956 வரை முடியவில்லை. நம் ஐந்து பைசா அகதி ஸ்டாம்ப் 1973 மார்ச்சோடு நின்றது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன். மண்டபம் அகதி முகாம் இருக்கிற ஊரில் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பக்கத்துக்கு விளக்கம் எழுதத் தோன்றவில்லை. மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போட்டு, மாதக்கணக்கில் எங்கோ கிடந்து, போட்டவர் கைக்கே திரும்பிய கடிதங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளக் கேட்டதில்லை. கேட்கக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறது.

கடைசியாக, இந்த மழைக்கு வந்த கவர். ஜெர்மனியில் ஒரு சேகரிப்பாளரோடு மாற்றிக்கொண்டது, நான் அனுப்பியது அகதி ஸ்டாம்ப் பத்து. சோவியத் மண்டலத்தில் பணம் மாறியபோது, ஜனங்கள் கையில் இருந்த சீல் அடிக்காத பழைய ஸ்டாம்பை உடனே செல்லாது என்று சொல்லவில்லை. ஜூலை 31 வரை ஒட்டலாம், பத்தில் ஒரு பங்கு மதிப்பு. மேற்கில் இரண்டு மூன்று நாள்தான் இந்தச் சலுகை. 1946 மார்ச்சில் கட்டணம் இரட்டித்து ஒரு கடிதத்துக்கு 24 ஃபெனிக் ஆகியிருந்தது. அப்படியென்றால் பழைய ஸ்டாம்பில் 240 ஃபெனிக்குக்கு ஒட்ட வேண்டும். யாரோ ஒரு வீட்டில் மேசை டிராயரைக் கவிழ்த்து, 12 ஃபெனிக் ஸ்டாம்பாக இருபதையும் ஒட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் விலாசத்தைச் சுற்றி எட்டு, பின்பக்கம் பன்னிரண்டு.

எண்பதுகளில் ஒரு தடவை எங்கள் ஆபீசில் வேறு ஸ்டாம்ப் எல்லாம் தீர்ந்து ஐந்து பைசா ஷீட் மட்டும் மிஞ்சியது. மேலே கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சவுதியில் இருந்த புருஷனுக்குக் கவர் போட வந்த ஒரு பெண், நான் ஒட்டி ஒட்டித் தள்ளியதைப் பார்த்து, "அண்ணே, வெலாசம் எழுத எடம் வைங்கண்ணே" என்றது. பின்பக்கமும் ஒட்டி, ஒன்று விடாமல் முத்திரை குத்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகப் பிறகு வந்து சொன்னது.

கவரைத் திருப்பி லென்ஸில் எண்ணினேன். முத்திரை இரண்டு ஸ்டாம்புக்கு ஒன்றாக விழுந்திருக்கிறது, முன்னால் நாலு, பின்னால் ஆறு. முதல் ஐந்தில் ஊர்ப்பெயர், தேதி, மணி எல்லாம் சுத்தமாகப் படிக்க முடிகிறது. ஆறாவதிலிருந்து மை குறைகிறது. எட்டாவது சாய்ந்துவிட்டது. பத்தாவது ஸ்டாம்பைவிட்டுப் பாதி வெளியே போய்க் கவரில் விழுந்திருக்கிறது. அதற்கு மட்டும் அந்த ஆள் இன்னொரு தடவை பேடில் தொட்டு, பக்கத்திலேயே சரியாக அடித்திருக்கிறார்.